அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் சேவை மையங்களுக்கான விதி மாற்றங்கள்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சிறப்புப் பள்ளி, பகல்நேர மையம், இல்லம், தெரபி மையம் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கேள்விகள் பல என்றாலும் சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முளைக்கிறது. மையத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள், கட்டடம் மாறுகிறது, வேலை கூடுகிறது. பீரோவில் இருக்கும் காகிதம் மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

எங்களிடம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாங்கிய பதிவுச் சான்று இருக்கிறது. அது போதாதா?

போதாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. 1995 சட்டம் போய்விட்டது. இப்போது பதிவு புதிய சட்டத்தின் கீழ்தான் இருக்க வேண்டும். பழைய சான்றைக் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் மையங்கள் இன்னும் இருக்கின்றன. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

புதிய சட்டத்தின் 50 முதல் 53 வரையிலான பிரிவுகளைப் பொறுப்பாளர் ஒருமுறையாவது தமிழில் முழுதாகப் படித்துவிட வேண்டும். பதிவு இல்லாமல் நிறுவனம் நடத்தக் கூடாது. விண்ணப்பம் கொடுத்தால் 90 நாளுக்குள் சான்று தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். காலாவதி ஆவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே புதுப்பிக்கக் கேட்க வேண்டும். சான்றின் நகல் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். மறுத்தாலோ ரத்து செய்தாலோ மேல்முறையீடு உண்டு. ரத்து செய்யும் முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

அந்த 60 நாள்தான் பலரைக் கவிழ்க்கிறது. ஏனென்று அடுத்த பதிலில் தெரியும்.

புதுப்பிக்க என்னென்ன காகிதம் வேண்டும்? எது தாமதமாகும்?

விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழியாகப் போகிறது. அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவு, தணிக்கை செய்த கணக்கு, பணியாளர் பட்டியலும் தகுதிச் சான்றுகளும், பயனாளிகள் பட்டியல், வாடகை அல்லது உரிமைப் பத்திரம் ஆகியவை உங்கள் கையில் இருப்பவை. இவற்றை ஒரு வாரத்தில் அடுக்கிவிடலாம்.

தாமதம் கட்டடக் காகிதங்களில்தான். கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் பொதுக் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என நான்கும் நான்கு அலுவலகங்களில் இருந்து வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காலாவதித் தேதி. ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்ற சங்கிலியும் உண்டு. உறுதிச் சான்று இல்லாமல் தாசில்தார் அலுவலகத்தில் கோப்பு நகராது. ஆகவே 60 நாளுக்கு முன் என்று எண்ணாமல், 6 மாதத்துக்கு முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நான்கு தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பொறுப்பாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். கணினியில் போட்டு வைத்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கீற்றுக் கொட்டகை பற்றி ஒரு சொல். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று முற்றத்திலோ மாடியிலோ கீற்றுப் போடும் வழக்கம் இன்னும் விடவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ, சமையல் இடத்தில் பிடித்துக் கூரைக் கீற்றுக்குத் தாவியதுதான். இந்தப் பகுதியில் ஆய்வுக்கு வரும் எந்த அதிகாரியும் அதை மறந்துவிட்டு வருவதில்லை. நம் பிள்ளைகளில் பலர் தீயைக் கண்டால் வெளியே ஓட மாட்டார்கள். பழகிய மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள், அல்லது கட்டிலுக்கு அடியில் நுழைவார்கள். அதனால் தீயணைப்பானை வாங்கி மாட்டுவதோடு வேலை முடியாது. மாதம் ஒருமுறை ஒரே மணி, ஒரே வழி, ஒரே மரத்தடி என்று நடத்திப் பழக்க வேண்டும். மணிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு மிரளும் பிள்ளை இருந்தால் விளக்கு அல்லது படம் காட்டிப் பழக்குங்கள். ஒத்திகைத் தேதியையும் வெளியேற எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

பகல்நேர மையமாகத் தொடங்கினோம். இப்போது நான்கைந்து பிள்ளைகள் இரவும் தங்குகிறார்கள். தனி அனுமதி வேண்டுமா?

வேண்டும். நடவு, அறுப்பு காலத்தில் பெற்றோர் விடியலில் வயலுக்குப் போய்விடுவதால் "ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும்" என்று ஆரம்பிக்கும். அது ஆண்டுக்கணக்காகும். பகல்நேர மையம் என்று வாங்கிய பதிவு இரவுத் தங்கலைத் தாங்காது. இல்லம் என்ற வகையில் மாற்றம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

தங்குபவர் 18 வயதுக்குட்பட்டு, ஆதரவற்றவராகவோ குழந்தைகள் நலக் குழு அனுப்பியவராகவோ இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, 41ஆம் பிரிவின் கீழும் பதிவு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சட்டப் பதிவு அதற்கு ஈடாகாது. இந்தப் பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 வேறு கதை. அதில் மனநோய் என்பதன் வரையறையிலேயே அறிவுசார் குறைபாடு இல்லை என்று விலக்கியிருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் இருக்கும் இல்லத்துக்கு அந்தப் பதிவு தேவைப்படாது. ஆனால் மனநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களையும் சேர்த்து வைத்திருந்தால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இல்லாமல் நடத்த முடியாது. இரண்டு தரப்பினரையும் ஒரே கூடத்தில் வைப்பது பராமரிப்புக்கும் நல்லதில்லை.

சீர்காழியில் இருக்கிறோம். எங்கள் காகிதமெல்லாம் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கிறது.

மயிலாடுதுறை 2020 இறுதியில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவு, தர்பன் தளப் (தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக் இணையதளம்) பதிவு ஆகிய நான்கிலும் மாவட்டப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் நாகை, இன்னொன்றில் மயிலாடுதுறை என்றிருந்தால் மானிய விண்ணப்பத்தை இணையதளமே திருப்பிவிடும். ஆள் பார்த்து விளக்கம் சொல்லக்கூட வாய்ப்பு இருக்காது. கும்பகோணம் 2021இல் மாநகராட்சி ஆனபிறகு முகவரி மாறிய மையங்களுக்கும் இதே பாடுதான்.

தனித்துவ அடையாள அட்டையில் 2024இல் என்ன மாறியது?

2024 அக்டோபரில் திருத்த விதிகள் வந்தன. யூடிஐடி எனப்படும் இந்த மாற்றுத்திறனாளி அட்டைக்கு மூன்று நிறம்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். மருத்துவக் குழு சான்று தர வேண்டிய காலம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீண்டது. இரண்டு ஆண்டு முடிவெடுக்கப்படாமல் கிடந்த விண்ணப்பம் தானாகவே செல்லாமல் போகும். மறுபடி புதிதாகப் போட வேண்டும். ஆகவே "போட்டாச்சு, வரும்" என்று இருக்காமல் பதிவு எண்ணை மையத்தின் பதிவேட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

விண்ணப்பம் தடைபடும் காரணங்களில் முதலிடம் தலைப்பெழுத்துக்கு. ஆதாரில் "கார்த்திக் செ", பள்ளிச் சான்றில் "செ. கார்த்திக்", பிறப்புச் சான்றில் தலைப்பெழுத்தே இல்லை. மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்கிவிட்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். இரண்டாவது காரணம் கைபேசி எண். விண்ணப்பம் போட்டுத் தந்தவர் தன் எண்ணையே கொடுத்துவிடுவார். பிறகு கடவுச்சொல் அவருக்குப் போகும். பெற்றோரின் எண்ணைக் கொடுக்கவில்லை என்றால் அட்டை வந்ததே தெரியாது.

ஒரு பிள்ளைக்கு 25 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். எந்த உதவியும் கிடைக்கவில்லையே?

சட்டப்படியான பெரும்பாலான பலன்களுக்கு 40 சதவீதம்தான் வாசற்படி. 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு நெறிகளில் சமூக முதிர்ச்சி அளவுகோல் மதிப்பெண் 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம், 55 முதல் 69 வரை 50, 36 முதல் 54 வரை 75, 21 முதல் 35 வரை 90, அதற்கும் கீழே 100 என்று வகுத்தார்கள். 69க்கும் 70க்கும் இடையில் ஒரு புள்ளிதான், ஆனால் சான்றில் 50க்கும் 25க்கும் உள்ள தூரம்.

இந்த அளவுகோல் பெற்றோர் சொல்வதை வைத்துப் போடப்படுகிறது. "தானாகச் சாப்பிடுவானா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் "சாப்பிடுவான்" என்றுதான் சொல்வார். பிசைந்து தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நான்கு முறை சொன்ன பிறகு சாப்பிடுவதும் அவருக்குச் சாப்பிடுவதுதான். மையம் செய்ய வேண்டியது, மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு முன் குளியல், உடை, கழிவறை, கடைக்குப் போவது என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னாலே போதும்.

ஆட்டிசத்துக்கு ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோல். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. முகாமின் கூட்டத்தில் சில பிள்ளைகள் உறைந்துபோய் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், மதிப்பெண் குறைந்துவிடும். வீட்டிலும் வகுப்பிலும் எடுத்த இரண்டு மூன்று நிமிடக் காணொளிகளைப் பெற்றோர் கைபேசியில் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

2018 நெறிகளின்படி 5 வயதுவரை வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்று. பிறகு 5, 10, 18 வயதுகளில் மறுமதிப்பீடு. 18இல் தருவது நிரந்தரம். 2024 மார்ச்சில் திருத்திய நெறிகளும் வந்திருப்பதால் ஒவ்வொரு பிள்ளையின் சான்றிலும் அச்சான தேதியையே கணக்கில் கொள்ளுங்கள்.

பணியாளர்களுக்கு என்ன தகுதி? அனுபவம் உள்ளவர்களை வைத்துக்கொள்ளலாமா?

ஆயாவாக, உதவியாளராக வைத்துக்கொள்ளலாம். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை போட்டால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் சிஆர்ஆர் எண் (மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டு எண்) இருக்க வேண்டும். 1992 சட்டப்படி அது இல்லாமல் பணிசெய்தால் ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க அதற்குள் 100 தொடர் கல்விப் புள்ளி சேர்த்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில்தான் பலருக்கு நினைவு வருகிறது. அப்போது பயிற்சி தேடி முட்டுக்காட்டுக்கும் திருச்சிக்கும் அலைவதைவிட ஆண்டுக்கு 20 என்று வைத்துக்கொள்வது எளிது.

இயன்முறை, செயல்முறை மருத்துவர்கள் மறுவாழ்வு மன்றத்தின் கீழ் வர மாட்டார்கள். அவர்களுக்கு 2021இன் துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம்.

பிள்ளைக்கு 18 முடிகிறது. அப்பா அம்மாவே காப்பாளர்தானே, தனியாக எதற்குச் சான்று?

பிறந்தநாள் அன்றைக்குப் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. மறுநாள் வங்கியில் கையெழுத்துப் போட முடியாமல் நிற்பார்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கணக்கிலேயே கிடக்கும்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமானது. அதன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு உண்டு. அதில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினர்கள். பெற்றோரோ உறவினரோ படிவம் கொடுத்தால் குழு விசாரித்துச் சான்று தரும். நீதிமன்றம் போகத் தேவையில்லை. 17 வயது 6 மாதத்திலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள். குழு மாதாமாதம் கூடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

டெல்டாவில் பெரும்பாலும் சொத்து என்றால் நிலம். பங்காளிகளோடு கூட்டுப் பட்டாவில் கால் காணி, அரைக் காணி. சான்று கேட்கும்போது "நபருக்கு" மட்டுமா, "சொத்துக்கும்" சேர்த்தா என்று தெளிவாக எழுதுங்கள். நபருக்கு மட்டும் வாங்கிவிட்டுப் பாகப்பிரிவினையின்போது பத்திரப்பதிவு அலுவலகத்தில் திணறுகிறார்கள்.

சான்று வாங்கியதோடு கடமை முடியவில்லை. 16ஆம் பிரிவின்படி, நியமனத்திலிருந்து 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள், அதாவது ஜூன் 30க்குள், கணக்குக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யும் குடும்பம் அரிது. பிறகு அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தால் காப்பாளரை நீக்கச் சொல்லும் மனுவுக்கு இதுவே முதல் காரணமாகும். மையத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மே மாதம் பெற்றோரைக் கூட்டி, அரைப் பக்கக் கணக்கு எழுத உதவுங்கள்.

அடங்காத பிள்ளையை அறையில் பூட்டி வைப்பது, கட்டி வைப்பது குற்றமா?

ஆம். "அவன் பாதுகாப்புக்குத்தான்" என்ற விளக்கம் எடுபடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால்தான். 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவில் இழிவுபடுத்தும் நோக்கில் தாக்குவதும், பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே உணவோ தண்ணீரோ மறுப்பதும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரியவை. "சேட்டை செய்தால் மத்தியானச் சோறு கிடையாது" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அடிப்பது, தலையை முட்டிக்கொள்வது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று நடந்திருக்கும். எப்போது, எங்கே, அதற்கு முன் என்ன, பின் என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். பல்வலி, மலச்சிக்கல், காதுவலி, மருந்து மாறியது, மின்வெட்டில் விசிறி நின்றது என்று காரணம் தெரியவரும். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல்வலி என்றால் தலையைச் சுவரில் இடிப்பதுதான் மொழி.

பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தாலே போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தன் பணியாளர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உள்ளே விசாரித்து முடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், உடையை மாற்றித் துவைக்காதீர்கள். வாக்குமூலம் எடுக்கும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. 18 வயது தாண்டியவர் என்றால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடமும் முறையிடலாம்.

மாதவிடாய் சிரமம் என்று கர்ப்பப்பையை எடுக்கப் பெற்றோர் கேட்கிறார்கள்.

மையம் அதில் கையெழுத்திடக் கூடாது, பரிந்துரைக்கவும் கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அந்தப் பெண்ணின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் கருவுறும் திறனை அழிக்கும் மருத்துவம் கூடாது. நாப்கின் மாற்றப் படிப்படியாகப் படம் வைத்துப் பழக்கினால் பெரும்பாலான பெண்கள் சில மாதங்களில் கற்றுக்கொள்கிறார்கள்.

மையத்து விழாப் படங்களை முகநூலில் போடலாமா?

எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 9ஆம் பிரிவின்படி குழந்தை என்றால் பெற்றோரின், காப்பாளர் உள்ள மாற்றுத்திறனாளி என்றால் அந்தக் காப்பாளரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் அடியில் "படம் எடுக்கச் சம்மதம்" என்று ஒரு வரி போட்டால் போதாது. மதிப்பீட்டுக்கு, மானியக் கோப்புக்கு, விளம்பரத்துக்கு என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். நன்கொடையாளர் வாட்ஸாப் குழுவில் பெயரும் சதவீதமும் சேர்த்துப் படம் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

"விழுதுகள்" மையம் பக்கத்தில் வந்துவிட்டது. எங்களுக்கு வேலை இருக்குமா?

இருக்கும். உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் வரும் அந்த மையங்கள் மதிப்பீடு, தெரபி, வழிகாட்டல் தருகின்றன. முழுநாள் பராமரிப்பும் தொழிற்பயிற்சியும் உங்கள் பக்கம். ஒரே பிள்ளைக்கு இரு இடத்தில் பயிற்சி என்றால் குறிக்கோள் தாளை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் படம் காட்டிக் கேட்கவும் இன்னோரிடத்தில் சைகையால் கேட்கவும் பழக்கினால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

மழைக்காலத்துக்கு மையம் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? அதிலும் விதி இருக்கிறதா?

பேரிடரில் சம பாதுகாப்பு என்று 2016 சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்ட நிர்வாகம் மாற்றுத்திறனாளிகளின் பட்டியல் வைத்திருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, செப்டம்பர் முடிவதற்குள் தங்கியிருப்போர் எத்தனை பேர், நடக்க முடியாதவர் எத்தனை பேர், வலிப்பு உள்ளவர் எத்தனை பேர் என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை, சாலையில் மரங்கள் கிடந்தன. அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். வலிப்பு மருந்து குறைந்தது 15 நாளுக்கு. ஒரு வேளை தவறினாலும் சிலருக்கு வலிப்பு வரும். 5 நிமிடம் தாண்டிய வலிப்புக்கு 108, ஆனால் வெள்ளத்தில் வண்டி வர நேரமாகும் என்பதால் அவசரத்தில் தர வேண்டிய மருந்தும் அளவும் மருத்துவர் கையால் எழுதி வாங்கி வைத்திருங்கள். அட்டை நகல்கள், மருந்துச் சீட்டு, பெற்றோர் எண் மூன்றும் ஒவ்வொருவருக்கும் ஒரு நெகிழி உறையில்.

பொது நிவாரண முகாமின் இரைச்சலை ஆட்டிசம் உள்ளவர்களால் தாங்க முடியாது. முகாமாக அறிவிக்கும் பள்ளியிலேயே ஒரு வகுப்பறையைத் தனியாகக் கேட்டு வையுங்கள். பழகிய பாய், தட்டு, காது மூடி, படப் பலகை நான்கையும் முதல் வண்டியிலேயே ஏற்றுங்கள். அரிசி மூட்டை அடுத்த வண்டியில் வரலாம்.